மார்கழியில் திறந்த ஜன்னல்

மார்கழிக் காலை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலை மூடியிருக்க, முன்சீட்டு அம்மாள் மட்டும் முழுதாகத் திறந்து வைத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பாலத்தில் ஏறியதும் காவிரிக் காற்று என் மஃப்ளருக்குள் புகுந்தது. அவர் நெற்றியிலோ வியர்வை.

“கொஞ்சம் மூடுங்களேன். வீட்லயும் என் சம்சாரம் இதே கூத்துதான், விடிய விடிய ஃபேன், தினமும் சண்டை” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். “அவங்களுக்கும் என் வயசுதானா? மாசாமாசம் வர்றது நிக்கப்போற நேரம்ங்க, உடம்பு திடீர்னு கொதிக்கும். எனக்கு எள்ளுருண்டையும் காலை நடையும் கொஞ்சம் கைகொடுக்குது” என்று டப்பாவை நீட்டினார்.

ஓர் உருண்டையை எடுத்து வாயருகே கொண்டுபோனேன்.

“அது அவங்களுக்குங்க. நீங்க நல்ல போர்வையா ஒண்ணு வாங்கிக்குங்க.”

அன்றோடு எங்கள் வீட்டில் சண்டை நின்றுவிட்டது. ஃபேன் நிற்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து அந்த அம்மாளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.