அம்மா பார்த்த ஊமை நாடகம்

டோர்ட்மண்டில் நான் நான்காம் வகுப்புப் படித்த வருடம், பள்ளிக்கூட நாடகத்தில் எனக்குக் கோமாளி வேடம் கிடைத்தது. சிவப்பு மூக்குக் கோமாளி அல்ல. முகமெல்லாம் வெள்ளை பூசி, தொளதொளத்த வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு வார்த்தையும் பேசாத பழைய பிரெஞ்சுக் கோமாளி. இருநூறு வருடங்களுக்கு முன் பாரிசில் சில கொட்டகைகளில் நடிகர்கள் வாய் திறக்கக் கூடாதென்று சட்டம் இருந்ததாம். அதனால் அந்தக் கோமாளிகள் கையாலும் கண்ணாலுமே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்களாம். இதைச் சொல்லும்போது எங்கள் ஆசிரியை பூரித்துப்போனார். எனக்கோ அப்போதுதான் ஜெர்மன் சரளமாக வரத் தொடங்கியிருந்தது. பேச ஒரு வசனம்கூட இல்லையே என்று கவலை.

அப்பாவுக்குத்தான் சந்தோசம். “நல்லதாப் போச்சு. அம்மாவுக்கும் விளங்கும்” என்றார்.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தார். எனக்கு ஐந்து வயதானபோது அப்பா என்னை மட்டும் கூட்டி வந்துவிட்டார். ஜெர்மன் மொழிப் பரீட்சையில் தேறினால்தான் அம்மாவுக்கு விசா. இரண்டு தடவை தவறியிருந்தார். அவர் வந்துசேர இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. தினமும் கைபேசியில் என் முகத்தைப் பார்ப்பார். சாப்பிட்டனியோ, தலை வாரி இழுத்தனியோ என்று கேட்பார்.

நாடகத்தன்று, தான் வேலை செய்யும் உணவகத்துச் சமையல் சட்டையை அப்பா எனக்குப் போட்டுவிட்டார். பிறகு முன்வரிசையில் இருந்து, அம்மா பார்க்கக் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

எசமானின் சொசேஜைத் திருடி விழுங்கினேன். உதை வாங்கினேன். ஜன்னலில் நின்றவளுக்கு இல்லாத பூவொன்றை நீட்டினேன். அவள் ஜன்னலைச் சாத்த, நெஞ்சில் கை வைத்துச் சரிந்தேன். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது.

முடிந்ததும் முகம் கழுவாமலே ஓடிப்போய்க் கைபேசியைப் பறித்தேன்.

“அம்மா, பாத்தனீங்களோ?”

“ஓம் குஞ்சு. மூலையிலை சந்திரனா எவ்வளவு வடிவா நிண்டனி! நான் கண்ணெடுக்கேல்லை.”

முகத்தில் வெள்ளிச் சாயம் பூசிச் சந்திரனாக நின்றது எங்கள் வகுப்பிலேயே ஆகக் குள்ளமான பிள்ளை.

“அது நானில்லை அம்மா! நான்தான் கோமாளி.”

“அந்த நெட்டைப் பிள்ளையோ?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெற்ற தாயையே ஏமாற்றுமளவுக்கு நடித்திருக்கிறேன்! அங்கே நின்ற ஆசிரியையிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

“அப்பாவுக்குப் பக்கத்திலை ஒருக்கா நில்லு, பாப்பம்” என்றார் அம்மா.

அப்பா கைபேசியை மேடை விளிம்பில் சாய்த்து வைத்தார். நான் அவரை ஒட்டி நிமிர்ந்து நின்றேன். என் தலை அவருடைய நெஞ்சைத் தாண்டியிருந்தது.

திரையில் அம்மாவின் முகம் அப்படியே நின்றது.

“அம்மா, கேக்குதோ?” என்று இரண்டு மூன்று தடவை கேட்டேன்.

“லைன் நிண்டிட்டுது அப்பா” என்று சொல்லி நானே அழைப்பைத் துண்டித்தேன். துண்டிக்கும்போது, அம்மாவின் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன்.