தகப்பன் பேர் தெரியாத நெல்

எண்பதுகளின் கடைசியில், பூந்தமல்லியைத் தாண்டி இருந்த ஒரு நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. என் வேலை, களை வளர்ப்பது. ஏரிக்கரையிலும் சாக்கடை ஓரத்திலும் தானாக முளைக்கும் காட்டு நெல்லைத் தொட்டியில் வைத்து, உரம் போட்டு, அதன் மகரந்தத்தை வயல் நெல்லின் பூவில் தடவுவோம். காட்டு நெல்லின் மணி சிறுசு, தொட்டால் உதிரும். ஆனால் புகையான் பூச்சியால் அதை லேசில் அழிக்க முடியாது. அந்தத் தெம்பை மட்டும் வயல் நெல்லுக்கு ஏற்றிவிட வேண்டும் என்று எங்கள் அதிகாரி ராப்பகலாக உழைத்தார்.

அதே காட்டு நெல்லைப் பிடுங்கிக் கூலி வாங்கியவள் என் அம்மா. அப்பாவுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை நிரந்தரமான பிறகுதான் வயலில் இறங்குவதை விட்டாள். "இன்னாடி இது, அத்த புடுங்கினா எனக்குக் கூலி, வளத்தா உனக்குச் சம்பளமா?" என்று என்னைப் பார்க்கிறபோதெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு பருவத்தில் பண்ணைக்குக் களையெடுக்க ஆளே கிடைக்கவில்லை. எல்லோரும் கம்பெனிகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். அதிகாரி என்னைக் கேட்டார், நான் அம்மாவை அழைத்துப்போனேன். வீட்டில் சும்மா இருந்து அலுத்துப்போயிருந்தவள் உற்சாகமாகச் சேற்றில் இறங்கினாள்.

மதியம் அதிகாரியும் நானும் போய்ப் பார்த்தபோது, கலப்புச் செடிகள் நின்ற பாத்தி வெறும் சேறாகக் கிடந்தது. செடிகள் வரப்பில் குவிந்திருந்தன. ஒவ்வொரு செடியின் தாய் தகப்பன் பெயரையும் எழுதி நட்டிருந்த குச்சிகளை, யார் காலிலும் குத்தாதபடி ஓர் ஓரமாக அடுக்கி வைத்திருந்தாள்.

"ஏம்மா, என்ன காரியம் பண்ணிட்டீங்க!" அதிகாரி வரப்பை நோக்கி ஓடினார்.

"களை எடுக்கச் சொன்னீங்கோ, எடுத்துட்டேன். அடி செவந்து படந்து கீது, இதெல்லாம் நெல்லா சார்?"

எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. நல்லவேளை, வேர் இன்னும் காயவில்லை. மூவரும் குனிந்து எல்லாவற்றையும் திரும்ப நட்டோம். எந்தக் குச்சி எந்தச் செடிக்கு என்று மட்டும் அம்மா உட்பட யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பருவத்தில் புகையான் வந்தது. பாத்தி மொத்தமும் கருகிச் சாய்ந்தது. நடுவில் ஒரே ஒரு செடி பச்சையாக நின்று கதிர் தள்ளியது. அதிகாரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அது அயனம்பாக்கம் ஏரிக் காட்டு நெல்லுக்குப் பிறந்ததா, வேலப்பன்சாவடிப் பள்ளத்துக் காட்டு நெல்லுக்குப் பிறந்ததா என்று சொல்ல வழியில்லை.

"தகப்பன் பேர் தெரியாம மேல எழுதி அனுப்ப முடியாதும்மா" என்றார் அம்மாவிடம், ஏதோ அவள்தான் அதைப் பெற்றவள் என்பதுபோல.

"பூச்சி அப்பன் பேரு கேட்டுக்கினுதான் கடிக்குதா?" என்றாள் அம்மா.

அவர் கதிர்களுக்குக் காகித உறை கட்டினார். விதையைக் குளிரறையில் வைக்கச் சொன்னார். மகரந்தக் கலப்பு வேலையை முதலிலிருந்து செய்வது என்று முடிவாயிற்று.

காட்டு நெல்லுக்காக அதிகாரியும் நானும் மறுபடி அயனம்பாக்கம் போனோம். ஏரிக்கரையை ஒட்டிய பள்ளத்தில் பாதியை மண் கொட்டி மேடாக்கி, மனைக் கற்கள் நட்டிருந்தார்கள். முழங்கால் சேற்றில் நின்ற அதிகாரியைப் பார்த்துக் குடையோடு ஒருவர் வந்தார்.

"வா சார், கார்னர் பிளாட் ஒண்ணு கீது."

"மனை வேண்டாம். இந்தப் புல்லுதான் வேணும்."

"புல்லா? அத்தெல்லாம் நாளைக்கே கிளீன் பண்ணிடுவோம், நீ கவலப்படாத சார்!"

அதிகாரி அவருக்கு நன்றி சொன்னார். பிறகு இருவரும் அவசர அவசரமாக, கைக்கு அகப்பட்டதையெல்லாம் வேரோடு பெயர்த்து வாளியில் நிரப்ப ஆரம்பித்தோம். மனைக்காரர் குடையை மடக்கிவிட்டு, எங்களைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.