தேரின் முதுகு

உள்ளதைச் சொன்னால் உடம்பெரிச்சல் என்று எங்கள் அம்மா அடிக்கடி சொல்லுவாள். நான் சொல்லக்கூட இல்லை, வரைந்தேன். அதற்கே அத்தனை எரிச்சல்.

ஏழாம் வகுப்பில் எங்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஓவிய வாத்தியார் ஒருவர் வந்து போவார். காஞ்சிபுரத்துக்காரர். உத்திரமேரூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து எங்கள் ஊருக்கு மினி பஸ்ஸில் தொங்கல். வந்த முதல் நாளே எங்கள் நோட்டுகளை வாங்கிப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தனை நோட்டிலும் ஒரே படம். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, ஒரு வாத்து. எங்கள் ஊரில் மலையே கிடையாது. இருப்பதிலேயே உயரம் ஏரிக்கரைதான். வாத்தும் இல்லை. யார் யாரைப் பார்த்து ஆரம்பித்தார்களோ, வழிவழியாக நடந்துகொண்டிருந்தது.

"கண்ணால பாத்தத வரைங்க. பாக்காதத வரைஞ்சா அது பொய்" என்றார். வருகிற நாளெல்லாம் அதையே சொன்னார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நான் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம் நான் வரையாத ஆள் ஊரில் இல்லை. பஞ்சர் கடை பாய் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடுவதை வரைந்தேன். வாங்கிப் பார்த்தவர், "தாடி இவ்ளோ வெள்ளையா ஆயிடிச்சா?" என்று வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடப் போய்விட்டார். சித்தப்பா ஒரகடத்துக் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவதை, உதட்டோரத்து ஈயோடு வரைந்தேன். ஏரிக்கரை வரை துரத்தினார். சாயங்காலம் அவரே அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவும் மற்றப் பெண்களும் குனிந்து நாற்று நடுவதை வரப்பில் உட்கார்ந்து வரைந்தேன். முதுகுகள் மட்டும்தான் வரிசையாகத் தெரிந்தன. எது அம்மா முதுகு என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியவில்லை.

பங்குனியில் ஊரில் தேர். தேர் முடிந்த மறுவாரம் உத்திரமேரூரில் பள்ளிகளுக்கெல்லாம் சேர்த்து ஓவியக் கண்காட்சி என்றார் வாத்தியார். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு படம் போகும். வரைந்த பிள்ளையும் கூடவே வேனில் போகலாம். கரும்பலகையில் தலைப்பை எழுதிப் போட்டார்: ஊர் கூடித் தேர் இழுத்தல். உத்திரமேரூருக்கு நான் அதுவரை ஊசி போட்டுக்கொள்ள மட்டுமே போயிருந்தேன். அந்த வேனில் என்னைத் தவிர யாரும் ஏறக் கூடாது என்று எங்கள் தெரு அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன்.

தேரை நாங்கள் பார்க்கும் இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் காலனிப் பாதை ஊரோடு சேருகிற முனையில் ஒரு ரைஸ் மில். தேரன்று காலனி சனம் மொத்தமும் அந்த மில் சுவரோரம் வந்து நிற்கும். கிழக்கு வீதியில் தேர் வருவதை மில் மறைத்துவிடும். மேளம் கேட்கும். உச்சிக் கலசம் மட்டும் சுவருக்கு மேல் ஆடிக்கொண்டே நகரும். முனைக்கு வந்ததும் தேர் அப்படியே மேற்கே திரும்பி எங்களுக்கு முதுகைக் காட்டிவிடும். அப்புறம் தெற்கு வீதி நெடுக முதுகுதான். நாங்கள் கற்பூரம் ஏற்றியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் அந்த முதுகுக்கு.

கயிறு கட்டி யாரும் தடுக்கவில்லை. வராதே என்று யாரும் சொல்லி நான் கேட்டதுமில்லை. ஒரு அடி எடுத்து வைத்தால் தெற்கு வீதி. அந்த ஒரு அடியை அத்தனை பேரில் ஒருவரும் எடுத்து வைக்க மாட்டார்கள். முன்னால் போய்ப் பார்க்கலாம் வா என்று வருஷா வருஷம் அம்மாவை இழுப்பேன்.

"கூட்டத்துல காணாம பூடுவ. கைய புடி" என்பாள்.

அந்த வருஷம் நான் இழுக்கவில்லை. நோட்டும் பென்சிலுமாக நின்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்று விடாமல் வரைந்தேன். தேரின் பின்பக்க மரச் சிற்பத்தில் ஒரு யாளிக்கு மூக்கு உடைந்திருந்தது. அதன் காதோரம் அரசங்கன்று ஒன்று முளைத்திருந்தது. மேல்தட்டில் ஒருத்தர் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சோடா குடித்தார். இன்னொருத்தர் நீளக் கழியால் கேபிள் ஒயரைத் தூக்கிப் பிடித்தார். தேருக்குப் பின்னால் டிராக்டர், டிராக்டரில் ஜெனரேட்டர், ஜெனரேட்டரிலிருந்து கரும்புகை. வீட்டுக்குப் போய் அதைப் பெரிய தாளில் போட்டேன். நான் வரைந்ததிலேயே அதுதான் உசத்தி என்று எனக்கே தெரிந்தது.

வகுப்பில் மற்ற எல்லோர் படத்திலும், எங்கள் தெருப் பிள்ளைகள் படத்திலும்கூட, தேர் எதிரே வந்தது. மாலை போட்ட சாமி, பாய்கிற மரக்குதிரைகள், வடம் பிடித்தவர்கள். என் தாளைத் தூக்கியதும் வாத்தியார் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா இது, சாமி எங்க?"

"சாமி அந்தாண்ட பக்கம் கீது சார்."

வகுப்பே சிரித்தது. கூடச் சேர்ந்து எனக்கும் சிரிப்பு வந்தது, அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

"எங்க நின்னு பாத்த?"

"மில்லு செவுத்தாண்ட சார்."

வாத்தியார் சிரிப்பை நிறுத்திவிட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழு பேரும் எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தாளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

மணி அடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கை நன்றாக வருகிறது, உன்னை அனுப்பத்தான் ஆசை என்றார். என் பக்கத்தில் உட்காரும் மேற்கு வீதிப் பெண்ணின் படத்தைப் பார்த்து, தேரின் முன்பக்கமாக ஒன்று போட்டுக் கொடுத்துவிடு, வேனில் உனக்குத்தான் இடம் என்றார்.

"நான் அத பாக்கலியே சார். பாக்காதத வரைஞ்சா பொய்யின்னு சொன்னீங்களே" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை, கொடிக்கம்பம்தான் இருந்தது. தாளை என் கையில் கொடுத்து நாளைக்கு வா என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே திட்டித் தீர்த்திருப்பேன். நல்ல மனுஷன் ஜன்னலைப் பார்த்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

வீட்டுக்கு வந்து தாளை வீசினேன். நடந்ததைச் சொன்னதும் அம்மா வாத்தியாரைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவளோ, அவர் சொன்ன மாதிரியே போட்டுக் கொடுத்துவிட்டு வேனில் போய் வந்தால் என்ன, உன் கை என்ன தேய்ந்தா போகும் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பொய் சொன்னால் வாயில் சூடு போடுவேன் என்கிறவள் சொல்லுகிற பேச்சா இது? அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

காலையில் ஷிப்ட் முடித்து வந்த சித்தப்பா தாளை எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா கீது. பொகைகூட கீது. நம்மளத்தான் காணோம்."

"நாம பாத்துக்கினு இருந்தோம் சித்தப்பா. நாம எப்டி தெரிவோம்?"

"கடைசில நின்னவனுக்கு முன்னால நின்னவன் மண்ட தெரியுமில்ல? அத போடு."

குழந்தை கையில் எதற்கு வம்பை வாங்கிக் கொடுக்கிறாய் என்று அம்மா அவரை அதட்டினாள். அவர் பாயை உதறிப் போட்டுப் படுத்துவிட்டார். நான் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். தாளின் அடிப்பக்கம் மில் சுவரைப் போட்டேன். சுவரோரம் தலைகளைப் போட்டேன். கனகாம்பரம் வைத்த அம்மா கொண்டை, சித்தப்பாவின் தோள், தோள்மேல் பக்கத்து வீட்டுக் குழந்தை, தலைக்குமேல் கூப்பிய கைகள். எல்லாமே முதுகுகள். முதுகைப் பார்த்துக் கும்பிடுகிற முதுகுகள். நான் அப்படி யோசித்துப் போடவில்லை. பார்த்ததைப் போட்டேன், அவ்வளவுதான்.

வாத்தியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார். தலைமையாசிரியர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தாளை நான்காக மடித்தார். நல்ல படத்தை யாரும் மடிக்க மாட்டார்கள் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"சக்கரம் சரியா வரலம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்.

மேற்கு வீதிப் பெண்ணின் படம் உத்திரமேரூருக்குப் போனது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், வேனில் வாந்தி எடுத்தாளாம். ஆனால் அந்தப் படத்தை நான் பார்த்தேன். தேருக்குப் பின்னால் இரண்டு மலை இருந்தது. நடுவில் சூரியனும் இருந்தது. அதை ஒருத்தரும் கேட்கவில்லை. இல்லாத மலை உத்திரமேரூர் வரை போய்விட்டு வந்தது. இருக்கிற நாங்கள் நான்காக மடிந்து என் கணக்கு நோட்டுக்குள் கிடந்தோம்.

வாத்தியார் சொன்னதை நான் நம்பினேன். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒரு வருஷம் முழுக்கச் சக்கரம் வரைந்தேன். டிராக்டர் சக்கரம், மினி பஸ் சக்கரம், பாய் கடையில் சாய்த்து வைத்த சைக்கிள் சக்கரம். தட்டைக் கவிழ்த்து வட்டம் போடக் கூடாது என்று கையாலேயே போட்டுப் போட்டு, நடுவிரலில் காய்ப்பு ஏறியது. எட்டாம் வகுப்பில் வேறு வாத்தியார் வந்தார். அவர் எதையும் வரையச் சொல்லவில்லை. நான் சக்கரத்தை விடவில்லை.

அடுத்த பங்குனி. அதே மில் சுவர். மேளம் வந்தது, கலசம் சுவருக்கு மேல் நகர்ந்தது, தேர் முனையில் திரும்பியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் சாமியை நினைக்கவே இல்லை. மடித்து வைத்திருந்த பழைய தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மட்டும் பார்த்தேன். தாளையும் தேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என் சக்கரத்தில் ஒரு தப்பும் இல்லை.

அப்படியானால் வேறு எதுவோ தப்பு. அது என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா தாளைப் பார்க்கவில்லை, தெற்கு வீதியில் போய்க்கொண்டிருந்த தேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கும் தேருக்கும் நடுவில் வெறும் ரோடுதான் கிடந்தது.

"கூட்டத்துல காணாம பூடுவ. கைய புடி" என்றாள்.