நிறுத்தம் சொல்கிறவன்

“அடுத்தது நூலகம். இடப்பக்கம் இறங்கணும். படிக்குக் கீழ தண்ணி நிக்குது, எட்டிக் கால் வைங்க.”

என் முதுகுக்குப் பின்னால் நின்று கத்துகிறான். பஸ்ஸில் இருப்பது மூன்றே பேர். மூவருக்கும் கண் நன்றாகத் தெரியும். ஒருவன் காதில் எதையோ செருகிக்கொண்டு தூங்குகிறான். அலாரம் அதையெல்லாம் சட்டை செய்வதில்லை.

அலாரம் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். நான் ஓட்டுவது பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே சுற்றி வருகிற பஸ். நிறுத்தம் சொல்லும் ஸ்பீக்கர் ஊமையாகிப் பல காலம் ஆகிறது. ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறான். “பார்க்கலாம்” என்றார்களாம். “அவங்க பார்த்துக்கிட்டே இருக்கட்டும்ணே, நான் கத்துறேன்” என்று வந்து ஏறிக்கொண்டான்.

புள்ளியியல் படிக்கிறான். ஒல்லி. உட்காரச் சொன்னால் உட்காருவான், அடுத்த வளைவுக்குள் எழுந்துவிடுவான். பிரேக் போட்டால் முட்டியை இடித்துக்கொள்வான். இடித்த இடத்தைத் தடவ மாட்டான், என்னை முறைப்பான். வாயில் பன்னை அடைத்துக்கொண்டு அவன் ‘வேதியியல் கட்டடம்’ என்றால் எந்தக் கட்டடம் என்று யாருக்கும் விளங்காது. முழுங்கிவிட்டுச் சொல்லடா என்றேன். “முழுங்குறதுக்குள்ள நிறுத்தம் தாண்டிடும். நீங்க ஓட்டுற லட்சணம் அப்படி.”

அவன் போன் கெட்டுப்போய், சத்தமாக மட்டும்தான் பேசும். அதனால் அவன் அம்மாவை பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும்.

“எங்கடா இருக்க?”

“பஸ்லம்மா.”

“நேத்தும் பஸ்லதான் இருந்த. உன்னைப் படிக்க அனுப்புனேனா, பஸ்ல குடித்தனம் பண்ண அனுப்புனேனா? டிரைவர் இருந்தா அவர்கிட்ட குடு.”

ஹாரனை அழுத்தித் தப்பித்தேன்.

சட்டம் படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். கண் தெரியாது, வெள்ளைக் கோலோடு வருவாள். பஸ் நிற்பதை வைத்துத்தான் அவளுக்கு நிறுத்தக் கணக்கு. பரீட்சையன்று ஒரு நிறுத்தத்தில் ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. பஸ் நிற்காமல் போனது. அவள் கணக்குப் பிசகி, கட்டட வேலை நடக்கிற இடத்தில் போய் இறங்கிவிட்டாள். ஜல்லிக் குவியலுக்கு நடுவே நின்றவளைக் கண்டு ஓடிப் போய் அழைத்துவந்தவன் இவன்தான். அதற்குள் பரீட்சை பாதி போயிருந்தது.

மறுநாளிலிருந்து அவள் ஏறினால் போதும், கத்தத் தொடங்கிவிடுவான். முன் சீட்டில் இருப்பவனைக் கிளப்புவான். இறங்கும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொள்வான். நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பொறுத்தாள். பிறகு, பஸ் நிறைய ஆள் இருக்கும்போதே கேட்டாள்.

“நான் இல்லாதப்ப நீ கத்துறது இல்லையாமே?”

“இல்ல. அப்ப யாருக்குத் தேவை?”

“நீ வாயத் திறந்தாலே நான் ஏறிட்டேன்னு மொத்த பஸ்ஸும் திரும்புது. நான் வகுப்புக்குப் போறேன், ஊர்வலம் போகல. கைய எடு.”

எடுத்தான். அடுத்த நாள் அவள் பஸ்ஸுக்கு வரவில்லை. மணல் லாரி வருகிற சாலையோரம் கோலைத் தட்டிக்கொண்டு நடந்து போனாள். ஒரு லாரி அவள் தோளை உரசாத குறையாகப் போனது. அலாரம் பார்த்துவிட்டுக் கதவுக்கு ஓடினான். அப்படியே நின்றான்.

“இறங்கலையா?” என்றேன்.

“இறங்கி என்னண்ணே பண்ணுவேன்? மறுபடியும் கையைத்தான் பிடிப்பேன்.”

நகத்தைக் கடித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தான். அதற்கப்புறம்தான் இந்தக் கூத்து. காலை முதல் பஸ்ஸிலிருந்து, யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லா நிறுத்தத்துக்கும் கத்துகிறான். வகுப்பு நேரத்துக்குக் கூட்டாளிகள் இரண்டு பேரைப் பிடித்துப் போட்டிருக்கிறான். ஒருவன் வாய்க்குள்ளேயே முனகுவான். இன்னொருவன், “அடுத்தது கணிதத் துறை, துணிச்சல் உள்ளவங்க இறங்கலாம்” என்பான்.

“யாருக்குப்பா இதெல்லாம்? இங்கதான் யாரும் இல்லையே” என்று ஒரு பேராசிரியர் எரிந்து விழுந்தார்.

“உங்களுக்குத்தான் சார். நேத்து போனைப் பார்த்துக்கிட்டே நிறுத்தத்த விட்டுட்டீங்க.”

இப்போது அந்த முனகல்காரன் ஏறினால், காதில் விழவில்லை என்று அவரே சண்டைக்கு வருகிறார்.

அவள் மட்டும் ஏறவில்லை. பையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. விடுதி நிறுத்தம் வந்தால் கழுத்தை நீட்டிப் பார்ப்பான், சுருங்குவான். “யார்கிட்டயாவது சொல்லி அனுப்பேன்டா” என்றேன். “சொல்லி அனுப்பினா மறுபடி அவளுக்காகன்னு ஆயிடும்ணே. அதுக்கு நான் சும்மாவே இருந்திருக்கலாம்.”

நேற்று விடுதி வாசலில் நின்றிருந்தாள். கதவு திறந்தது. ஏறாமல் என்னைக் கேட்டாள்.

“அண்ணா, உள்ள கண்ணு தெரியாதவங்க யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்லம்மா.”

“ரோட்டுல நடக்கிறப்ப தினம் பஸ் ஜன்னல் வழியாக் கேக்குது. அப்ப யாருக்குக் கத்துறான்?”

“யாருக்கோ. எனக்குக் காது போச்சு.”

ஏறினாள். யாரும் திரும்பவில்லை. அலாரம் எப்போதும்போல, “அடுத்தது வேதியியல் கட்டடம்” என்றான். சீட்டில் இருந்தவனைக் கிளப்பவில்லை. அவள் கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தாள்.

“அடுத்தது சட்டத் துறை. இடப்பக்கம். படி உயரம்.”

கதவருகே வந்தாள். கோலின் நுனி படியின் விளிம்பைத் தேடிற்று, சட்டென்று அகப்படவில்லை. அவன் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. அதே கையால் தன் பையின் வாரை இறுகப் பற்றிக்கொண்டு, முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி, அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னான்.