துணையில்லாமல் படகு இறக்கக் கூடாது

முசரவாக்கத்து ஏரியில் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த அம்மா, தலையில் துண்டு கட்டிக்கொண்டு எப்போதும் வறுத்த புளியங்கொட்டையை மென்றபடி இருப்பார். என் மனைவி இறந்த பிறகு, நாங்கள் இருவரும் ஓட்டிய சின்னப் படகை அன்றுதான் காஞ்சிபுரத்திலிருந்து மறுபடி கொண்டுபோயிருந்தேன்.

"ஒத்த ஆளா எறக்கக் கூடாது சார். படகுச் சங்கத்து ரூலு."

"கூட வர இனிமே யாரும் இல்லம்மா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், புடவையைச் செருகிக்கொண்டு அவரே ஏறி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"நான் திரும்ப மாட்டேன். நீங்க பாட்டுக்கு இருங்க."

கொஞ்ச தூரம் துடுப்புப் போட்டதும் பனியில் கரை மறைந்தது. வானம் எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. துடுப்பை வைத்துவிட்டு, அதுவரை வராத அழுகையை அழுதேன். அவர் திரும்பவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள்களும் குலுங்கின. யாருக்காக என்று எனக்கு இன்றுவரை தெரியாது.