வெயிலில் வெடித்த டயர்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் நான் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பௌதிக ஆசிரியை கலியாணம் முடித்துப் போய்விட, தலைமை ஆசிரியை அந்தப் பாடத்தையும் என் தலையில் கட்டினார். வாயுக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முதல் நாள் பின்னேரம் வாசித்தது மட்டுந்தான்.

"வெப்பநிலை மாறாமல் இருந்தால், கனவளவு கூடக்கூட அமுக்கம் குறையும்" என்று கரும்பலகையில் எழுதினேன். கடைசி வாங்கில் இருந்த ஒரு மாணவி எழும்பினாள்.

"டீச்சர், சைக்கிளுக்குக் காத்தடிச்சா டியூப் பெருக்குது, இறுக்கமும் கூடுது. ரெண்டும் கூடுதே?"

அவள் சொன்னது சரி. புத்தகமும் சரியாகத்தானே இருக்க வேண்டும். "திங்கக்கிழமை பாப்பம்" என்று சமாளித்தேன்.

வெள்ளவத்தையில் நானும் அண்ணாவும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சனிக்கிழமை அவருடைய சைக்கிளுக்கு நானே காற்றடித்துப் பார்த்தேன். டியூப் பெருத்தது, இறுகியது. போதாததற்குப் பம்பின் அடி கையைச் சுட்டது. வெப்பநிலை மாறாமல் இருந்தால் என்றல்லவா எழுதினேன்? ஒரு குழப்பம் இரண்டாகிவிட்டது.

"அண்ணா, இது ஏன் சுடுது?"

"எனக்கென்ன தெரியும்? நான் கந்தோரில கடிதம் எழுதுற கிளாக்கர்."

சூடேறினால் அமுக்கம் கூடும் என்ற மற்ற விதியையாவது பார்ப்போம் என்று, இன்னும் காற்றை ஏற்றி, சைக்கிளை முற்றத்து வெயிலில் விட்டுவிட்டுச் சமைக்கப் போனேன். மத்தியானம் பெரிய சத்தம் கேட்டது.

நகரத்தில் குண்டு விழுந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டார். "சைரன் ஊதேல்லையே" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேலியோரம் போய் நின்று, வெடித்தது எங்கள் டயர்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது.

காலி நகருக்குப் போகும் வீதியில் சைக்கிள் திருத்தும் முஸ்லிம் நானா கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "டியூப் எண்டா ஒட்டலாம், தங்கச்சி. டயருக்கு இந்த நாளையில எங்க போற?"

அவமானத்தை விழுங்கிக்கொண்டு கேட்டேன்: "நானா, காத்தடிச்சா ஏன் இறுகுது?"

"காத்தை மேல மேல உள்ளுக்குப் போட்டா இறுகாம என்ன செய்யும்?"

அப்போதுதான் உறைத்தது. விதி அடைபட்ட ஒரே அளவு காற்றுக்கு. நானோ ஒவ்வொரு அடிக்கும் புதுக்காற்றைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை வகுப்பில் அதைச் சொன்னேன். முன்பு சொல்ல மறந்துவிட்டேன் என்றேன். உண்மையில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பம்ப் சுட்டதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு தடித்த புத்தகம் ஒன்றில், காற்றை வேகமாக அமுக்கினால் சூடாகும், அந்த விதி சூடு வெளியே போக நேரம் கொடுத்து மெல்ல அமுக்கும்போதுதான் பொருந்தும் என்று வாசித்தேன். விளங்கியது போல இருந்தது. அடுத்த வருட வகுப்புக்கு அதை விளக்கப் போய், பாதியில் எது எதனால் கூடுகிறது என்று தடுமாறி, மணியடிக்கும்வரை படம் கீறிக்கொண்டு நின்றேன்.

டயர் கிடைக்கவில்லை. சைக்கிளில் கந்தோருக்குப் போய்வந்த அண்ணா பல மாதங்கள் என்னோடு கோட்டை ஸ்டேஷனுக்கு ரயிலில் வந்தார். ஒருநாள் மட்டும், மேடையில் நிற்கும்போது, "உன்ர விதி சரிவந்திட்டுதே?" என்று கேட்டார்.

"அரைவாசி" என்றேன். ரயில் வந்துவிட்டது. ஏறிக்கொண்டோம்.