தளவாய் அண்ணாச்சியின் வலது கண்

எட்டாவது வரை படித்த இசக்கிசெல்வியைத் தாராவியில் எல்லோரும் கண் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் அவள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த போனும், அதன் கேமராவில் மாட்டுகிற சின்ன லென்ஸும்தான் அவள் கருவிகள். அவற்றோடு மூன்று வருஷமாக வீடு வீடாக நடக்கிறாள்.

போன் திரையில் சீப்பு மாதிரி ஓர் எழுத்து தோன்றும். பற்கள் எந்தப் பக்கம் என்று கையால் காட்ட வேண்டும். காட்டக் காட்டச் சீப்பு சிறிதாகிக்கொண்டே போகும். இதற்கு மூன்று மீட்டர் தூரம் வேண்டும். பீரோ, கட்டில் போக அந்தப் பத்தடி அறைகளில் அவ்வளவு இடம் ஏது? அதனால் எதிர்வீட்டு வாசலில் உட்கார்ந்துதான் போனைப் பிடிப்பாள்.

அன்று சாயங்காலம் மழை விட்டிருந்தது. ஈர வெளிச்சத்தில் சந்து முழுவதும் தண்ணீருக்கடியில் மிதப்பது போலிருந்தது. தளவாய் தன் வீட்டுக்குள் சுவரோரமாக, இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார். முப்பது வருஷமாகத் தோல்பைப் பட்டறையில் மெஷினில் தைப்பவர். காய்ச்சலில் துவண்ட செல்வியின் மகளை ஒருமுறை நெஞ்சோடு அணைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான்.

மேல், கீழ், வலது, இடது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் செல்வியின் முதுகுக்குப் பின்னே கண்ணாடி வளையல்கள் மெல்லச் சிணுங்கின. அவள் திரும்பினாள். தளவாய் வீட்டுப் பீரோக் கண்ணாடியில் தெரிந்த திரையைப் பார்த்துச் சைகை காட்டிக்கொண்டிருந்த எதிர்வீட்டு நுஸ்ரத், கையை அந்தரத்தில் நீட்டியபடி உறைந்து போனாள்.

"நீங்க சீப்பப் பாக்கியளா அண்ணாச்சி, நுஸ்ரத் அக்கா கையப் பாக்கியளா?"

அவருடைய வேலை போய்விடக் கூடாதே என்றுதான் செய்தேன் என நுஸ்ரத் இந்தியில் முணுமுணுத்தாள்.

செல்வி எழுந்து போய் அவர் வலது கண்ணருகே லென்ஸை வைத்துப் படமெடுத்தாள். கருமணியின் நடுவே வெண்மேகம் ஒன்று அசையாமல் நின்றது.

"யாருக்கும் சொல்லிராத, செல்வி. மொதலாளிக்குத் தெரிஞ்சா என் மெஷின்ல வேற ஆள உக்கார வச்சிருவாரு."

அவள் படத்தை அவரிடம் காட்டினாள். அவர் போனை வாங்கி இடது கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். போன மாசம் இதே சந்தில் மூன்று பேருக்குக் கண்புரை எடுத்ததையும், மூவரும் வேலைக்குத் திரும்பிவிட்டதையும் அவள் மெதுவாகச் சொன்னாள். முதலாளியிடம் பேச, தானே கூட வருவதாகவும் சொன்னாள். ஆனால் திரையில் அவரே அமுக்கிச் சம்மதிக்காமல் படம் டாக்டருக்குப் போகாது.

தளவாய் போனைத் தாழ்த்தினார். "போன வாரம் ஒரு பை பூராவும் கோணத் தையல். ஒருத்தருக்கும் தெரியாமப் பிரிச்சேன், செல்வி. பிரிச்ச நூல்கூட கண்ணுக்குத் தெரியல."

ஓடுகளிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க அமுக்கணும்மா?" என்று கேட்டார்.

செல்வி இடத்தைக் காட்டினாள். தோலும் ஊசியும் காய்த்துப்போக வைத்த அந்தக் கட்டைவிரலால், அவரே அமுக்கினார்.